பெயர் ஒன்று, கள்ளி பல

நுழையும்முன்

நாள்தோறும் கண்ணில் படும் ஒன்றை நாம் நன்கு அறிந்திருப்பதாகவே எண்ணிக்கொள்கிறோம். ஆனால் காண்பது வேறு; கண்டறிவது வேறு. வேலியோரத்துக் கள்ளியையும் அதில் வாழும் சிறு பூச்சியையும் இன்ன இனம் எனப் பிரித்தறியாததால் முயற்சிகள் வீணானதும், பிரித்தறிந்ததால் முட்புதர் மூடிய நிலங்கள் மீண்டதும் நம் நாட்டு வரலாறு. அந்த வரலாற்றின் வழியாக, சப்பாத்திக்கள்ளி இனங்களையும் அவற்றின் இயற்கைக் கலப்பினங்களையும் அடையாளம் காணும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

பள்ளத்தாக்கின் இரு முகங்கள்

தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் ஆகிய ஊர்களைக் கடந்து பயணம் செய்வோர் ஒரே பள்ளத்தாக்கில் இரு வேறு நிலங்களைக் காண்பர். முல்லைப்பெரியாற்று நீர் பாயும் தாழ்நிலத்தில் நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையும் செழித்திருக்கும். அந்நீர் ஏறாத மேட்டிலும் மலையடிவாரத்திலும் முட்செடிகள் நிறைந்த வறள்காடு பரந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றின் மழையைப் பெருமளவு தன் மேற்குச் சரிவிலேயே பெற்றுக்கொள்வதால், அதன் கிழக்கே அமைந்த இப்பகுதி மழைமறைவு நிலமாயிற்று. 1895ஆம் ஆண்டில் பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கித் திருப்பப்பட்ட பின்னரும், ஆண்டிபட்டி, கண்டமனூர் போன்ற பகுதிகளின் மேட்டு நிலங்கள் வானத்தை நோக்கியே வாழ்கின்றன.

இந்த வறண்ட மண்ணின் அடையாளமாகக் கள்ளி விளங்குகிறது. வைகை அணை கட்டப்பட்டபோது ஊரையும் நிலத்தையும் இழந்த மக்களின் வாழ்வைச் சொல்லும் வைரமுத்துவின் புதினம், 'கள்ளிக்காட்டு இதிகாசம்' என்றே பெயர் பெற்றது. அந்நூலுக்கு 2003ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கள்ளி என்னும் சொல் இம்மண்ணோடு அத்துணை நெருங்கியது.

எனினும் 'கள்ளி' என்று நாம் சுட்டும் செடி எது? மாடு மேய்ப்போரைக் கேட்டால் நாற்பட்டைத் தண்டுடைய செடியையும் காட்டுவர். பென்சில் போன்ற பச்சைக் குச்சிகளால் ஆன செடியையும் காட்டுவர். தட்டையான வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செடியையும் காட்டுவர். இவை மூன்றும் கள்ளிதான். ஆயினும் முதலிரண்டும் ஒரு குடும்பம். மூன்றாவது வேறொரு குடும்பம். முதலிரண்டும் இம்மண்ணில் நெடுங்காலம் வாழ்பவை. மூன்றாவது கடல் கடந்து வந்தது.

பழைய கள்ளியும் புதிய கள்ளியும்

பாலை பாடிய பெருங்கடுங்கோ இயற்றிய குறுந்தொகைப் பாடல் ஒன்றில், பல்லி தன் துணையை அழைக்கும் ஒலி கேட்கும் கள்ளிக்காடு காட்சியளிக்கிறது. புறநானூற்றில் இடுகாட்டைக் காட்டும் பாடல்களிலும் கள்ளி இடம்பெறுகிறது. இப்பாடல்களைப் படிக்கும் இன்றைய மாணவர் மனத்தில் சப்பாத்திக்கள்ளியின் உருவம் தோன்றுமாயின் அது பிழையாகும். சப்பாத்திக்கள்ளி அடங்கிய ஒபன்ஷியா பேரினம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. கொலம்பசின் 1492ஆம் ஆண்டுக் கடற்பயணத்துக்குப் பின்னரே அது பிற கண்டங்களுக்குப் பரவியது. ஆகவே சங்கப் புலவர் கண்ட கள்ளி, சதுரக்கள்ளி, திருகுக்கள்ளி ஆகியன அடங்கிய யூஃபோர்பியா பேரினத்தைச் சார்ந்ததாகவே இருத்தல் வேண்டும். செடியை அறிவது இலக்கியத்தைச் சரியாகப் படிக்கவும் துணைசெய்கிறது.

இரு கள்ளிகளையும் பிரித்தறிய நான்கு அடையாளங்கள் போதும். முதலாவது, பால். யூஃபோர்பியாவின் தண்டில் கீறல் பட்டால் வெண்ணிறப் பால் வடியும். அது கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு விளைவிக்கக்கூடியது. சப்பாத்திக்கள்ளியில் பால் இல்லை. வழவழப்பான நீர்ச்சாறே கசியும். இரண்டாவது, முள்ளின் அமைப்பு. சதுரக்கள்ளியின் முட்கள் இரண்டிரண்டாக இணைந்திருக்கும். சப்பாத்திக்கள்ளியின் முட்கள் சிறு பஞ்சுத்திட்டு ஒன்றிலிருந்து தோன்றும். மூன்றாவது, பூ. யூஃபோர்பியாவின் பூக்கள் மிகச் சிறியவை. சப்பாத்திக்கள்ளியின் பூ அகன்று விரிந்து, எண்ணற்ற மகரந்தத்தாள்களைக் கொண்டது. நான்காவது, கனி. முன்னது முப்பிரிவாக அமைந்து உலர்ந்து வெடிப்பது. பின்னது சாறு நிறைந்த சதைக்கனி.

இரு வேறு குடும்பங்களைச் சேர்ந்த செடிகள் இவ்வாறு ஒத்த தோற்றம் பெற்றதற்குக் காரணம் வறட்சியே. இலையைக் குறைத்தல், தண்டில் நீரைச் சேமித்தல், முள்ளால் காத்தல் ஆகிய மூன்று வழிகளையும் இவை தனித்தனிக் கண்டங்களில் தனித்தனியே பெற்றன. எனவே தோற்ற ஒற்றுமை உறவைக் காட்டும் சான்றாகாது.

தெரிந்து தெளிவோம்

'சப்பாத்து' என்பது காலணியைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லின் வழிவந்தது. 'சப்பாத்துக்கள்ளி' என்னும் வடிவமும் தமிழில் வழங்குகிறது. படமெடுத்த நாகம் போன்ற தண்டின் தோற்றத்துக்கு ஏற்ப 'நாகதாளி' என்றும் இச்செடியை வழங்குவர்.

உறுப்புகளை அறிதல்

இனத்தை அறியுமுன் உறுப்புகளை அறிதல் வேண்டும். நாம் இலை என எண்ணும் தட்டையான வில்லை உண்மையில் தண்டு. இலையின் பணியாகிய ஒளிச்சேர்க்கையை அது ஏற்றுக்கொண்டதால் இலைத்தொழில் தண்டு எனப்படுகிறது. உண்மையான இலைகள் இளந்தண்டில் சிறு கூம்புகளாகத் தோன்றிச் சில நாள்களில் உதிர்ந்துவிடும். இச்செடி பெரும்பாலும் இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவைச் சேமித்துக்கொண்டு, பகலில் துளைகளை மூடியபடியே உணவு ஆக்குகிறது. வெயில் நேரத்தில் நீர் வீணாவதைத் தவிர்க்கும் ஏற்பாடு இது.

தண்டின் மேற்பரப்பில் ஒழுங்கான இடைவெளியில் அமைந்த பஞ்சுத்திட்டுகளே கள்ளிக் குடும்பத்தின் முத்திரை. நீண்ட முள், நுண்முள், பூ, புதிய தண்டு ஆகிய அனைத்தும் அத்திட்டுகளிலிருந்தே பிறக்கின்றன. நீண்ட முள்ளைக் காட்டிலும் நுண்முள்ளே மிகுந்த தொல்லை தருவது. கண்ணுக்கு எளிதில் தெரியாத அதன் முனையில் பின்னோக்கிய கொக்கிகள் இருப்பதால், தோலில் தைத்தால் எடுப்பது கடினம். இப்பழத்தைப் பறிக்கும் சிறுவர்கள் அதைக் கரட்டுக் கல்லிலோ மண்ணிலோ புரட்டித் தேய்த்த பின்னரே உரிப்பது இதனால்தான்.

கனியின் தோலிலும் பஞ்சுத்திட்டுகள் இருப்பதைக் கூர்ந்து நோக்கினால் அறியலாம். பூவின் சூற்பை தண்டுத் திசுவுக்குள் புதைந்து வளர்வதே இதற்குக் காரணம். தண்டின் இயல்பை அக்கனி முற்றிலும் இழப்பதில்லை. எனவே நிலத்தில் விழுந்த கனி, சிலவேளை வேர்விட்டுச் செடியாகவும் வளரும். விதையாலும் தண்டாலும் கனியாலும் பெருகும் ஆற்றலே இச்செடியின் பரவலுக்கு அடிப்படை.

நான்கு இனங்கள்

இந்தியாவில் காணப்படும் ஒபன்ஷியா இனங்களுள் நான்கினை அறிந்துகொண்டால் பெரும்பாலான செடிகளை இனங்காணலாம். தண்டு, முள், பூவின் உட்பகுதி, கனி என்னும் வரிசையில் அவற்றை நோக்குதல் நன்று.

முதலாவது, ஒபன்ஷியா டில்லெனி. ஒபன்ஷியா ஸ்டிரிக்டா என்னும் இனத்தின் ஒரு வகையாகவும் இதனை வகைப்படுத்துவர். தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களில் பெரிதும் காணப்படும் சப்பாத்திக்கள்ளி இதுவே. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையும் கரீபியத் தீவுகளும் இதன் தாயகப் பகுதிகள். இது மரமாக உயராமல் புதராகப் படரும். தண்டு சற்றே நீலம் கலந்த பச்சை நிறம். முட்கள் மஞ்சள் நிறமானவை. தடித்து, தட்டையாகி, சற்று வளைந்திருக்கும். பூ எலுமிச்சை மஞ்சள், மகரந்தத்தாள்களும் மஞ்சளே, சூலகமுடி வெளிர் நிறம். கனி கருஞ்சிவப்பு, அடி குறுகி, மேல்முனை குழிந்து, பேரிக்காய் வடிவில் அமையும்.

இரண்டாவது, ஒபன்ஷியா எலாட்டியர். நடு அமெரிக்காவும் தென்னமெரிக்காவின் வடபகுதியும் இதன் தாயகம். தொலைவிலிருந்து நோக்கினால் முன்னதைப் போலவே தோன்றும். ஆனால் இதன் முட்கள் பழுப்பு நிறமானவை. தட்டையாகாமல் ஊசி போல் உருண்டிருக்கும். பூவின் மஞ்சளில் செம்மை கலந்திருக்கும். மகரந்தத்தாள்கள் இளஞ்சிவப்பு அல்லது சிவப்பு, சூலகமுடி பச்சை. பூவைப் பிளந்து நோக்காதவர் இவ்விரண்டையும் ஒன்றெனவே கொள்வர்.

மூன்றாவது, ஒபன்ஷியா மொனகாந்தா. பிரேசிலும் அதனை அடுத்த நாடுகளும் இதன் தாயகம். 'மொனகாந்தா' என்பதற்கு ஒற்றை முள் என்பது பொருள். பெயருக்கேற்ப, இளந்தண்டின் திட்டு ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு முட்களே இருக்கும். அடிமரத்தில் முட்கள் மிகுந்திருக்கும். தண்டு மெலிந்து பளபளக்கும் பச்சை நிறம். செடி சிறுமரம் போல் நிமிர்ந்து வளரும். பூவின் புறவிதழ்களில் செம்மை படர்ந்திருக்கும். பழைய நூல்கள் பலவற்றில் இது 'ஒபன்ஷியா வல்காரிஸ்' என்னும் பெயரில் குறிக்கப்பட்டுள்ளது.

நான்காவது, ஒபன்ஷியா ஃபிகஸ்-இண்டிகா. மெக்சிகோவில் மக்கள் நெடுங்காலமாகப் பயிரிட்டு உருவாக்கிய இனம் இது. தண்டு பெரியது, முள் மிகக் குறைவு அல்லது இல்லை. கனி பெரிதாகி மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எனப் பல நிறங்களில் அமையும். 'இண்டிகா' என்னும் பெயர் இருப்பினும் இதன் பிறப்பிடம் இந்தியா அன்று. பெயர் தாயகத்தைக் காட்டும் என நம்புதல் கூடாது என்பதற்கு இது ஒரு சான்று.

பூச்சி கற்பித்த பாடம்

இந்த வேறுபாடுகள் நூலில் எழுதிவைக்க மட்டும் உரியனவா? இல்லை என்பதை வரலாறு உணர்த்துகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நெசவாலைகள் செந்நிறச் சாயத்துக்காகக் கொச்சினீல் என்னும் பூச்சியை நாடின. மெக்சிகோவில் கள்ளியின்மேல் வளர்க்கப்பட்ட இப்பூச்சியின் வணிகம் ஸ்பெயினின் கையில் இருந்தது. உலர்ந்த பூச்சிகள் ஏறத்தாழ 70,000 சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு எடை, அதாவது ஏறக்குறைய 450 கிராம், தேறும். இவ்விலையுயர்ந்த சாயத்தைத் தானே உருவாக்க விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காக, சென்னையில் மருத்துவராக விளங்கிய ஜேம்ஸ் ஆண்டர்சன் முயற்சி மேற்கொண்டார். சைதாப்பேட்டையில் அதற்கெனக் கள்ளித் தோட்டம் ஒன்றும் அமைக்கப்பட்டது.

1795ஆம் ஆண்டில் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவை உயர்ந்த சாயம் தரும் பூச்சிகள் என நம்பப்பட்டன. ஆனால் அவை வேறோர் இனம். இன்று டாக்டைலோபியஸ் சிலோனிகஸ் எனப்படுவது. அது தந்த சாயம் தரத்தில் தாழ்ந்தது. சாயத் தொழில் தழைக்கவில்லை. பூச்சியை இனங்காண்பதில் நேர்ந்த பிழை, முயற்சி முழுவதையும் வீணாக்கியது.

எனினும் அப்பூச்சி எதிர்பாராத செயல் ஒன்றைச் செய்தது. வட இந்தியாவில் பரவியிருந்த மொனகாந்தா கள்ளியை அது உண்டு அழித்தது. இதனைக் கண்டவர்கள் 1836ஆம் ஆண்டு முதல் அப்பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து பரப்பினர். இங்கும் மொனகாந்தா அழிந்தது. 1860களில் பூச்சி இலங்கைக்கும் சென்று அங்கும் வெற்றி கண்டது. களைச்செடியை அடக்க அதன் இயற்கைப் பகையைத் திட்டமிட்டுப் பயன்படுத்திய உலகின் தொடக்ககால முயற்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது.

ஆனால் தமிழகத்தின் வறண்ட நிலங்களை மூடியிருந்த டில்லெனி கள்ளியை இப்பூச்சி தீண்டவில்லை. மனிதர் கண்ணுக்குக் கள்ளி யாவும் ஒன்றாகத் தோன்றின. பூச்சிக்கோ அவை வேறு வேறு. மேய்ச்சல் நிலத்திலும் தரிசிலும் சப்பாத்திக்கள்ளி தொடர்ந்து பெருகியது. அதற்குரிய பூச்சியாகிய டாக்டைலோபியஸ் ஒபன்ஷியே, ஆஸ்திரேலியாவிலிருந்து 1924இல் இலங்கைக்கும், அங்கிருந்து 1926இல் தென்னிந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே பெரும்பரப்பிலான கள்ளிப்புதர்கள் அடங்கின. டில்லெனியோடு எலாட்டியரும் கட்டுப்பட்டது. முதற்பூச்சி தென்னிந்தியா வந்ததற்கும் உரிய பூச்சி வந்ததற்கும் இடையே 90 ஆண்டுகள் கழிந்தன. இனத்துக்கேற்ற பூச்சி எது என்பதே வெற்றிக்கும் தோல்விக்கும் இடைப்பட்ட வேறுபாடு.

இன்றும் கள்ளித் தண்டில் வெண்பஞ்சு ஒட்டியதுபோல் காணப்படுவது இப்பூச்சிக் கூட்டமே. சிறு குச்சியால் அதனை நசுக்கினால் கருஞ்சிவப்புச் சாறு வெளிப்படும். அச்சாறே ஒரு காலத்தில் கப்பல்களையும் பேரரசுகளையும் அலையவைத்த சாயம்.

தெரிந்து தெளிவோம்

1920களில் ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 2.4 கோடி ஹெக்டேர் நிலம் சப்பாத்திக்கள்ளியால் மூடப்பட்டிருந்தது. அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கேக்டோபிளாஸ்டிஸ் என்னும் அந்துப்பூச்சியின் புழுக்கள் அதனை அழித்தன. நன்றி பாராட்டும் வகையில் குயின்ஸ்லாந்தின் பூனார்கா என்னும் ஊர் மக்கள் தங்கள் பொதுமன்றத்துக்கு அப்பூச்சியின் பெயரையே சூட்டினர்.

இயற்கைக் கலப்பினங்கள்

மேற்கூறிய அடையாளங்களுள் எதற்கும் முழுமையாகப் பொருந்தாத செடி ஒன்றைக் களத்தில் காண நேரலாம். முள் ஓரினத்தைப் போலவும் பூ வேறோர் இனத்தைப் போலவும் இருக்கலாம். அது கலப்பினமாக இருக்கக்கூடுமா?

ஒபன்ஷியா இனங்கள் இயற்கையில் தம்முள் எளிதில் கலப்பவை. இரு இனங்கள் அருகருகே வளர்ந்து, ஒரே பருவத்தில் பூத்து, ஒரே தேனீக்களால் நாடப்பட்டால் கலப்பு நிகழ வாய்ப்புண்டு. இக்கலப்பை அறியக் குரோமோசோம் எண்ணிக்கை பெரிதும் உதவுகிறது. இப்பேரினத்தின் அடிப்படை எண் 11. இனங்கள் அதன் மடங்குகளைப் பெற்றுள்ளன. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்தில் 22 குரோமோசோம்கள் கொண்ட குளோரோடிகா என்னும் இனமும் 66 கொண்ட ஃபேயகாந்தா என்னும் இனமும் உள்ளன. தாய் தன் எண்ணிக்கையில் பாதியையும் தந்தை தன் எண்ணிக்கையில் பாதியையும் அளிக்கும் என்பது மரபியல் விதி. ஆகவே இவற்றின் வழித்தோன்றல் 11, 33 ஆகியன சேர்ந்து 44 பெறுதல் வேண்டும். அங்கு வளரும் கர்விஸ்பைனா என்னும் கள்ளி 44 குரோமோசோம்களையே கொண்டுள்ளது. தோற்றத்திலும் இரு பெற்றோருக்கும் இடைப்பட்டு நிற்கிறது. உருவமும் எண்ணும் ஒன்றையொன்று உறுதிசெய்வதால், அது கலப்பின் வழி தோன்றியது என அறிஞர் முடிவுகொண்டனர்.

இதே கணக்கை நாம் அறிந்த இனங்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம். ஸ்டிரிக்டாவுக்கு 66, ஃபிகஸ்-இண்டிகாவுக்கு 88. இவை கலப்பின் 33, 44 சேர்ந்து 77 ஆகும். 77 என்பது 11இன் ஏழு மடங்கு, ஒற்றைப்படை மடங்கு. குரோமோசோம்கள் இணைசேர்ந்து பிரிய இயலாததால், இத்தகைய கலப்பினங்களில் மகரந்தம் பெரும்பாலும் வளமற்றுப் போகும். பிற செடிகளாயின் அத்துடன் அவ்வழி முடிந்துவிடும். கள்ளிக்கோ அது தடையன்று. ஒடிந்து விழும் தண்டு ஒவ்வொன்றும் வேர்விட்டு அதே கலப்பினத்தைப் பெருக்கும். மேலும், கருவுறாமலேயே தாயின் திசுவிலிருந்து கருவை உண்டாக்கும் இயல்பும் பல கள்ளி இனங்களின் விதைகளுக்கு உண்டு. எனவே ஒருமுறை தோன்றிய கலப்பினம் நெடுங்காலம் நிலைத்து, தனி இனம் போலவே தோற்றமளிக்கக்கூடும்.

ஆயினும் மாறுபட்ட செடி யாவும் கலப்பினம் எனக் கருதுதல் தவறு. நிழலில் வளரும் தண்டு நீண்டு மெலியும்; முள் குறையும். கடும் வறட்சியில் தண்டு சுருங்கி நிறம் மாறும். முதிர்ந்த முள் நரைத்துவிடுவதால் மஞ்சள் முள்ளும் பழுப்பு முள்ளும் ஒன்றுபோல் தோன்றும். காலையில் மஞ்சளாக மலர்ந்த பூ வாடும்போது செம்மஞ்சளாக மாறும். வாடிய பூவை மட்டும் கண்டவர் அதனை வேறு இனம் என்பர். முள்ளில்லாத ஃபிகஸ்-இண்டிகாவின் விதையிலிருந்து முளைத்த செடியில் முள் தோன்றுவதும் உண்டு. இக்காரணங்கள் ஒவ்வொன்றையும் விலக்கிய பின்னரே கலப்பினம் என்னும் ஐயத்துக்கு இடம் தருதல் வேண்டும்.

அந்நிலையிலும் மூன்று வினாக்களுக்கு விடை தேடுதல் இன்றியமையாதது. பெற்றோராகக் கருதப்படும் இனங்கள் இரண்டும் அருகில் உள்ளனவா? இடைப்பட்ட தன்மை ஓர் உறுப்பில் மட்டுமன்றி, முள், மகரந்தத்தாள், சூலகமுடி, கனி எனப் பல உறுப்புகளிலும் காணப்படுகிறதா? அடுத்த ஆண்டிலும் அத்தன்மை மாறாமல் இருக்கிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்னும் விடை கிடைத்தால், அச்செடி ஆய்வகத்துக்கு உரியது. குரோமோசோம் ஆய்வும் மரபணு ஆய்வும் இறுதி முடிவைக் கூறும். களத்தில் நிற்பவரின் பணி, ஐயத்தைத் தெளிவாகப் பதிவுசெய்வதே.

களக்குறிப்பும் கவனமும்

நல்ல களக்குறிப்பில் இடம், நாள், நிலத்தின் இயல்பு, செடியின் உயரம் ஆகியன முதலில் இடம்பெறும். அடுத்து, நன்கு வளர்ந்த தண்டின் நடுப்பகுதியில் பத்துத் திட்டுகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் உள்ள முட்களை எண்ணி எழுதவேண்டும். ஒரே ஒரு திட்டைக் கண்டு முடிவுகொள்ளுதல் பிழைக்கு வழிகோலும். முள்ளின் நிறத்தை இளந்தண்டிலும் முதிர்ந்த தண்டிலும் தனித்தனியே குறித்தல் நன்று. பூவை முற்பகலில் நோக்குதல் வேண்டும். அப்போது மெல்லிய புல்லால் மகரந்தத்தாள்களைத் தொட்டால் அவை உட்புறமாக வளைந்து மூடுவதைக் காணலாம். தேனீயின் உடலில் மகரந்தம் நன்கு படிய இவ்வசைவு உதவுகிறது.

வெறுங்கையால் தண்டையோ கனியையோ தொடுதல் கூடாது. நுண்முள் தைத்தால் தேய்க்காமல் ஒட்டுநாடாவை ஒட்டி எடுக்கலாம். யூஃபோர்பியாவின் பாலைத் தீண்டிய கையைக் கண்ணருகே கொண்டுசெல்லுதல் கூடாது. ஒடித்த கள்ளித் துண்டை வேறிடத்தில் எறிதலும் தவறு. எறிந்த இடத்தில் அது வளரும்.

இன்றைய தேவை

கள்ளியைப் பற்றிய வினா முடிந்துபோன ஒன்றன்று. பருவமழை பொய்க்கும் நிலங்களில் கால்நடைகளுக்குத் தீவனமாக முள்ளில்லாக் கள்ளியை வளர்க்கும் ஆய்வுகள் இந்தியாவில் நடைபெற்று வருகின்றன. நீர் நிறைந்த அதன் தண்டு கோடையில் ஆடுமாடுகளுக்கு உணவும் நீருமாகும். ஆனால் டில்லெனியை அழித்து நிலத்தை மீட்ட ஒபன்ஷியே பூச்சி, பிற நாடுகளில் ஃபிகஸ்-இண்டிகாவையும் தாக்கியுள்ளது. பிரேசிலின் வடகிழக்கில் தீவனக் கள்ளித் தோட்டங்கள் அதனால் பாழாயின. மொராக்கோவில் 2014ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட அப்பூச்சி, அந்நாட்டுக் கள்ளி வளர்ப்போரின் வாழ்வாதாரத்தைப் பறித்தது.

பூச்சிகளிலும் உட்பிரிவுகளும் கலப்பும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் இப்பூச்சியின் ஒரு பிரிவு ஸ்டிரிக்டாவில் நன்கு வாழ்கிறது. மற்றொரு பிரிவு ஃபிகஸ்-இண்டிகாவில் நன்கு வாழ்கிறது. இரண்டும் கலந்து பிறந்த முதல் தலைமுறைப் பூச்சிகளோ இரு கள்ளிகளிலும் வாழக் காணப்பட்டன. ஒரு நிலத்துக்கு நண்பனாகிய பூச்சி மற்றொரு நிலத்துக்குப் பகையாகலாம். ஆண்டிபட்டியிலோ வருசநாட்டிலோ ஓர் உழவர் நாளை தீவனக் கள்ளியை நட எண்ணினால், தம் வேலியோரத்துக் கள்ளி எது, அதில் ஒட்டியுள்ள வெண்பஞ்சு எது என்பதை அவர் அறிந்திருத்தல் நலம் பயக்கும். அதனைச் சொல்லக்கூடிய மாணவர் ஒருவர் அவ்வூரில் இருந்தால் அது அவ்வூருக்குச் செல்வம்.

பெயர் சூட்டுதல் அறிவின் முதற்படி. சூட்டிய பெயர் சரிதானா எனத் திரும்ப நோக்குதல் அதன் அடுத்த படி. 1795இல் கல்கத்தாவில் இறங்கிய பூச்சிக்கு அந்த இரண்டாவது நோக்கு வாய்க்கவில்லை. நம் வேலியோரத்துக் கள்ளிக்கு அது வாய்க்கட்டும்.

சொற்பொருள்

இலைத்தொழில் தண்டு – இலையின் பணியைச் செய்யும் பசுந்தண்டு
மழைமறைவு நிலம் – மலை தடுப்பதால் மழை குறைந்த பகுதி
நுண்முள் – கொக்கி முனையுடைய மிகச் சிறிய முள்
கலப்பினம் – இரு இனங்களின் சேர்க்கையால் தோன்றியது

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் 'கள்ளி' என வழங்கப்படும் செடிகளைப் பட்டியலிட்டு, அவற்றைப் பால் உடையவை, பால் அற்றவை என வகைப்படுத்துக. தண்டை வெட்டாமல், முள்ளையும் பூவையும் கொண்டு வகைப்படுத்த முயல்க.

2. சப்பாத்திக்கள்ளிப் புதர் ஒன்றினைத் தேர்ந்து, பத்துத் திட்டுகளில் உள்ள முட்களின் எண்ணிக்கையையும் நிறத்தையும் குறித்து ஒரு பக்க அளவில் களக்குறிப்பு எழுதுக.

3. ஊர்ப் பெரியோரிடம் கள்ளியின் பயன்கள், அதனைப் பற்றிய வழக்குச் சொற்கள் ஆகியவற்றைக் கேட்டறிந்து வகுப்பில் உரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. சங்கப் பாடல்களில் இடம்பெறும் கள்ளி சப்பாத்திக்கள்ளி அன்று. காரணம் தருக.
2. சப்பாத்திக்கள்ளியின் கனி வேர்விட்டு வளரக் காரணம் யாது?

சிறுவினா
1. டில்லெனி, எலாட்டியர் ஆகிய இனங்களை வேறுபடுத்தும் அடையாளங்களை எழுதுக.
2. ஒற்றைப்படை மடங்குக் குரோமோசோம்கள் கொண்ட கள்ளிக் கலப்பினம் அழியாமல் நிலைப்பது எவ்வாறு?

நெடுவினா
'இனத்தைச் சரியாக அறிதலே நிலத்தைக் காக்கும் வழி' என்னும் கருத்தினை, இந்தியாவில் கள்ளியைக் கட்டுப்படுத்திய வரலாற்றைக் கொண்டு நிறுவுக.